மங்கை அக்கா விற்ற கார்

வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரரோடு நான் விலை பேசிக்கொண்டு நின்றபோது செய்தி வந்தது. கிருலப்பனையில் மங்கை அக்கா வாடகைக்கு இருந்த அனெக்ஸ் வீட்டின் சொந்தக்காரப் பெண்மணி அழைத்திருந்தார். சிங்களப் பெண்மணி, தமிழ் அரைகுறை. "மிஸ் எழும்ப இல்ல" என்றார். "நல்லாக் கதவைத் தட்டிப் பாருங்கோ" என்றேன் நான். தட்டியாயிற்று, திறந்தாயிற்று, டொக்டரும் வந்து பார்த்தாயிற்று என்று அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. மீனும் வாங்கவில்லை, வாங்கிய மரக்கறிப் பையும் அந்தப் பலகையிலேயே கிடந்துவிட்டது.

பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காலஞ்சென்ற வைத்தியரின் அன்பு மகள், கனடாவில் வசிக்கும் ரூபனின் பாசமிகு அக்கா, காப்புறுதிக் கந்தோரின் முன்னாள் உத்தியோகத்தர் மங்கையர்க்கரசி. அவ்வளவுதான். காரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தம்பி ரூபன் கனடாவிலிருந்து எழுதி அனுப்பிய அறிவித்தல் அது. அவருக்கு அந்தக் கார் எப்போதும் பழைய இரும்புதான். ஆனால் இதை வாசிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு மங்கையர்க்கரசி என்றால் ஆரென்றே தெரியாது, "அமெரிக்கன் கார் மிஸ்" என்றால் உடனே தெரியும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எனக்கு வாயும் கொஞ்சம் நீளம், கோபமும் இன்னும் ஆறவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அது ஐம்பதுகளில் செய்த நாலு கதவுக் கார். பச்சைப்பயறு நிறம், கூரை மட்டும் வெள்ளை. தோட்டத் துரை ஒருவர் நாட்டை விட்டுப் போகும்போது அக்காவின் அப்பா வாங்கியது. அந்த அப்பா டொக்டருக்குக் கண் மங்கியபோது ரூபன் வெளிநாடு போயிருந்தார், ஸ்டியரிங் மகளிடம் வந்தது. டொக்டர் போன பிறகு காரும் அவருக்கே வந்தது. முன் சீற் எங்கள் கார்களில் இருப்பதுபோல் இரண்டாகப் பிரிந்திருக்காது, பள்ளிக்கூடத்து வாங்கு மாதிரி ஒரே நீளம். கந்தோரில் நான் சேர்ந்த புதிதில், பஸ் ஓடாத ஒரு பின்னேரம், கோட்டையில் நின்ற எங்களையெல்லாம் அக்கா அதில் அள்ளி ஏற்றினார். அவருடைய மேசைக்குப் பக்கத்து மேசை என்பதைத் தவிர அன்றுவரை எனக்கு அவரோடு பழக்கம் இல்லை. வெள்ளவத்தையில் இறங்கிய நான் வழக்கம்போல் கதவை அடித்துச் சாத்தினேன். அக்கா கண்ணாடியை இறக்கினார். "ராஜி, காரை அடிச்சுச் சாத்திறவையோடை எனக்குக் கதை இல்லை." அடுத்த நாள் கந்தோரில் உண்மையாகவே மத்தியானம் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை. பிறகு தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு கத்தரிக்காய்ப் பொரியலை எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பைக்குள் போட்டார். எங்கள் சிநேகிதம் தொடங்கியது இப்படித்தான்.

வெள்ளவத்தைப் பெண்கள் எத்தனை பேர் அந்தக் காரில் கல்யாண மண்டபத்துக்குப் போனார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. பலர் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். கேட்டவர் எவருக்கும் அக்கா இல்லை என்று சொன்னதில்லை, பிளாஸ்டிக் பூக் கட்டக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை. ஒருமுறை எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீடு தள்ளி இருந்த பிள்ளை ஒன்றின் கல்யாணம். பெண்ணை ஏற்றிக்கொண்டு புறப்படுகிற நேரம் மாப்பிள்ளையின் தாய் அங்கே வந்து நின்றார். கல்யாணம் கட்டாத பெண்பிள்ளை ஓட்டுகிற காரில் மணப்பெண் வரக்கூடாதாம், சரியில்லையாம். எல்லோருக்கும் கேட்கிறமாதிரித்தான் சொன்னார். அக்கா கோபிக்கவில்லை. "டிரைவருக்குக் கலியாணம் ஆச்சுதோ எண்டு கேட்டுப்போட்டோ மாமி நீங்கள் பஸ்ஸிலை ஏறுறனீங்கள்?" என்று கேட்டுவிட்டுக் காரின் திறப்பைப் பெண்ணின் சித்தப்பாவின் கையில் வைத்தார்.

அந்தக் காருக்குக் கியர் கம்பு தரையில் இல்லை, ஸ்டியரிங்கின் கழுத்தில். சித்தப்பாவுக்கு அது பிடிபடவில்லை. காலி வீதியில் ஏறின இடத்திலேயே கார் குலுங்கி நின்றது. பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்கின்றன, நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது, பெண்ணுக்கு முகமெல்லாம் வியர்வை. கடைசியில் அதே மாமியார்தான் ஆளனுப்பினார், "அவவைக் கூப்பிடுங்கோ" என்று. அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வீதியால் நடந்துபோய் ஏறி ஓட்டிக்கொண்டு போனார். திங்கட்கிழமை கந்தோரில் இந்தக் கதையைச் சொல்லி எங்களையெல்லாம் சிரிக்க வைத்தார், சித்தப்பா கியர் போட்டதை நடித்தும் காட்டினார். பிறகு முகம் கழுவப் போனவர் நெடுநேரம் வரவில்லை. நான் தேடிப் போனபோது தண்ணீரைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றார். "அந்தச் சொல்லு வலிச்சது ராஜி" என்றார். அதற்குப் பிறகும் பெண்களை ஏற்றிக்கொண்டுதான் போனார்.

இப்போது விற்ற கதைக்கு வருகிறேன்.

டொக்டரின் பழைய வீட்டுக் காணியில் தொடர்மாடி கட்டுவதென்று ரூபனும் ஒரு கட்டடக் கம்பனியும் கதைத்து முடித்தார்கள். காணிக்குப் பதில் அக்காவுக்கு ஒரு வீடு, ரூபனுக்கு ஒரு வீடு. வெள்ளவத்தையில் இன்று எந்த ஒழுங்கையில் பார்த்தாலும் இதே கதைதானே. எங்கள் ஆட்கள் இப்படியான காரியத்தில் எதையெல்லாம் பார்ப்பார்களோ அதையெல்லாம் அக்காவும் பார்த்தார். சாத்திரியாரைக் கூட்டிவந்து வாசல் எந்தத் திசை என்று கேட்டார். அடுப்பு அக்கினி மூலையில் வரவேண்டும் என்றார். சாமித் தட்டுக்குச் சுவர் ஒதுக்குவித்தார். குடிபுகும் நாளில் பால் காய்ச்சினால் புகைக்கு மணி அடிக்குமோ என்றுகூட அந்த எஞ்சினியரிடம் கேட்டு, அடிக்காது என்று சொல்வித்தார். நானும் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். ஒருவராவது காரை அளந்து பார்க்கவில்லை.

கையெழுத்தெல்லாம் வைத்த பிறகுதான் எஞ்சினியர் கார் நிறுத்துமிடத்தின் படத்தை விரித்தார். மெஷின் பார்க்கிங். ஒரு தட்டில் ஒரு காரை ஏற்ற, மெஷின் அதை மேலே தூக்கும், கீழே இன்னொன்று வரும். அக்கா அந்தத் தட்டின் நீளத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சட்டை தைக்கிற அளவு நாடாவை எடுத்து வந்தார். ஒரு நுனியை நான் பிடித்தேன். முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் இரண்டு தரம் அளந்தோம். கார் ஒரு முழம் கூட. எஞ்சினியர் நல்ல பிள்ளை, பாவம், அவருக்கும் முகம் செத்துப்போயிற்று. அக்கா நாடாவைச் சுருட்டிக்கொண்டே, "வாசல் எந்தப் பக்கம் எண்டு சாத்திரியாரைக் கேட்டம், நீ என்ன நீளம் எண்டு உன்னைக் கேக்கேல்லையே" என்றார். அதைக் காரிடம் சொன்னார்.

வேறிடத்தில் நிறுத்தலாமா என்று நாங்கள் அலையாத அலைச்சல் இல்லை. ஹெவ்லொக் டவுனில் ஒரு கராஜில் கேட்டோம், கோயில் மடத்தில் கேட்டோம். மழையும் வெயிலும் உப்புக் காற்றும் படுகிற இடங்கள்தான் கிடைத்தன. ரூபன் தொலைபேசியில், "வித்துப்போட்டு நிம்மதியா இரு அக்கா, அது இரும்பு" என்றார். கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா, "ஓம் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

முதலில் வந்தவர் தெற்குப் பக்கம் ஹோட்டல் வைத்திருப்பவர். எஞ்சினைக் கழற்றிவிட்டு வரவேற்பறையில் வைத்துப் பூக்களால் அலங்கரிக்கப் போவதாக ஆசையோடு சொன்னார். அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார். "என்ரை அப்பாவைப் பஞ்சடைச்சு வைக்கிறதுக்குக் கேக்கிறார் ராஜி. வாங்கிறவர் ஓடவேணும். ஓடாதவருக்கு நான் குடுக்க மாட்டன்." அதன் பிறகு வந்தவர்களிடமெல்லாம் இந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார், ஓட்டுவீங்களா என்று.

கொட்டாஞ்சேனையிலிருந்து இம்தியாஸ் வந்தார். புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், நாற்பத்தைந்து வயது இருக்கும். "எது எது ஒரிஜினல் மிஸ்?" என்று கேட்டார். அக்கா ஒளிக்கவில்லை. ரேடியோ ஒரிஜினல், ஆனால் அப்பா காலத்திலேயே ஊமை. மணிக்கூடு ஒரிஜினல், நினைத்த நேரம் காட்டும். பின் சீற்றும் பின் கண்ணாடியும் மட்டும் பிறகு போட்டவை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் கண்ணாடியை உடைத்து உள்ளே நெருப்பைப் போட்டார்கள், பக்கத்து வீட்டுச் சிங்கள ஐயா பூச்சாடி மண்ணைக் கொட்டி அணைத்தார். இம்தியாஸ் பின் சீற்றில் கையை வைத்துப் பார்த்தார். "எங்கட கடையும் ஒருக்கா எரிஞ்சது மிஸ்" என்றார். பிறகு முன் கதவை முழுதாகத் திறந்து, ஒரு காலை மடக்காமல் விறைப்பாக நீட்டியபடியே பின்பக்கமாக உட்கார்ந்து, அந்த வாங்கு சீற்றில் வழுக்கிக்கொண்டு உள்ளே போனார். அதையே நாலைந்து தரம் செய்தார். "மனுசன் காரிலை படுக்கப்போறாரோ?" என்று அக்கா என் காதில் கேட்டார். ஓட்டுவீங்களா என்று கேட்டபோது, "ஓட்டத்தான் மிஸ். ஒவ்வொரு நாளும்" என்றார்.

கார் போன காலையில் அக்காவே அதை ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார். குளிரில் எவ்வளவு சோக் இழுக்கவேண்டும், மூன்றாவது கியருக்கு எப்படிக் கெஞ்சவேண்டும் என்றெல்லாம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுகிற தாய் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து குசினி யன்னலோடு நின்றார். சத்தம் ஒழுங்கையால் போயிற்று. "காலி வீதியிலை ஏறியிட்டுது" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது போலும், நெடுநேரம் அசையாமல் நின்றார்.

வீட்டை இடித்தார்கள். அக்கா கிருலப்பனை அனெக்ஸுக்குப் போனார். அத்திவாரம் போட்டு, தூண்கள் எழும்பி, முதல் மாடித் தட்டும் போட்ட நேரத்தில்தான் நாடு கவிழ்ந்தது. பெற்றோலுக்கும் காஸுக்கும் நாங்கள் வரிசையில் நின்ற அந்தக் காலத்தில் சீமெந்து வேலையும் நின்றது, கம்பனிக்காரர் தொலைபேசியை எடுப்பதும் நின்றது. வரிசைகள் முடிந்தன, அந்தக் கட்டடம் மட்டும் இன்றுவரை எழும்பவில்லை. போய்ப் பாருங்கள், துருப்பிடித்த கம்பிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன, கீழே புல்லு. அந்தக் காணியில் இப்போது பத்து அமெரிக்கன் காரை நீட்டி நிறுத்தலாம். எதற்காக விற்றாரோ அந்த மெஷின் பார்க்கிங்கின் ஓர் ஆணிகூட வந்து சேரவில்லை. இதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு எரிகிறது, ஆரை ஏசுவது என்றும் தெரியவில்லை.

இம்தியாஸ் பெருநாளுக்கு வட்டிலப்பம் அனுப்புவார், வந்து காரைப் பாருங்கள் என்று கேட்பார். அக்கா போகமாட்டார். "பார்த்தா, திருப்பித் தாங்கோ எண்டு கேட்டுப்போடுவன்" என்பார். கடைசியில் ஒரு நாள் அவரே என்னிடம் வந்தார். "கேக்கப்போறன் ராஜி." காருக்கு வந்த காசு தொடாமல் வங்கியில் இருந்தது. அனெக்ஸ் முற்றத்தில் நிறுத்த அந்தப் பெண்மணி சம்மதித்திருந்தார், கூரை போடவும் ஆள் பார்த்தாயிற்று. இந்தத் தடவை முதலில் முற்றத்தை அளந்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்த்திருக்கிறார். என்ன சொல்லிக் கேட்பது என்று த்ரீவீலரில் கொட்டாஞ்சேனை வரைக்கும் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். "தம்பி, அவசரப்பட்டுப் பிழை விட்டிட்டன். திருப்பித் தாங்கோ." இவ்வளவுதான். கல்யாண வீடுகளுக்கு உடுக்கிற சேலையை உடுத்தியிருந்தார். இத்தனை வருடத்தில் அவருடைய முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் கண்டதில்லை.

நாங்கள் இறங்கியபோது கார் வாசலில் நின்றது. பச்சைப்பயறு நிறம் அப்படியே. முன் கதவு முழுதாகத் திறந்திருக்க, இம்தியாஸ் ஒரு பெண்ணைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஃபரீதா. முன்னொரு நாள் பஸ் விபத்தில் ஒரு கால் முழங்காலோடு விறைத்துப்போயிற்றாம், மடங்காது. அவர் பின்பக்கமாக உட்கார்ந்து, அந்த நீளச் சீற்றில் வழுக்கிக்கொண்டு போக, விறைத்த கால் பின்னாலேயே உள்ளே போயிற்று. அன்றைக்கு இம்தியாஸ் ஏன் அப்படி ஏறி ஏறிப் பார்த்தார் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அக்கா என் கையைப் பிடித்தார்.

ஃபரீதா எங்களைக் கண்டதும் உள்ளேயிருந்தபடியே கதைக்கத் தொடங்கினார். "மிஸ், எங்கட மத்தக் கார்ல என்னால ஏறவே ஏலாது. ஆஸ்பத்திரி வேன்ல தான் வெளிய போனேன். இப்ப ஒவ்வொரு நாளும் இவர் என்னயக் கூட்டிட்டுப் போறார். எத்தின வருசத்துக்குப் பொறகு கடலப் பாத்தேன். போன கெழம புறக்கோட்டைக்குப் போய் நானே துணி எடுத்தேன் மிஸ்." அக்கா குனிந்து அவரைப் பார்த்தார். "கதவை அடிச்சுச் சாத்தாதேங்கோ பிள்ளை" என்றார். "இவர் உடவே மாட்டார் மிஸ்" என்று ஃபரீதா சிரித்தார்.

"வந்த விசயம் என்ன மிஸ்?" என்று இம்தியாஸ் கேட்டார்.

"ஒண்டும் இல்லைத் தம்பி. சும்மா பார்த்திட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்."

தேநீர் வந்தது, குடித்தார். இம்தியாஸ் திறப்பை நீட்டினார், ஒருக்கா ஓட்டிப் பாருங்கள் என்று. "கண் இப்ப சரியில்லை" என்றார் அக்கா. கண் நல்லாகத்தான் இருந்தது, சத்திரசிகிச்சைக்குப் பிறகு என்னைவிட நன்றாகத் தெரியும் அவருக்கு. திரும்பி வரும்போது நான் பொரிந்து தள்ளினேன். இவ்வளவு தூரம் வந்து, சேலையும் உடுத்தி, ஏன் அக்கா கேட்கவில்லை என்று. "அந்தப் பிள்ளையை இறக்கிப்போட்டோ நான் ஏறுறது?" என்று கேட்டார். பிறகு அழத் தொடங்கினார். கிருலப்பனை வரும்வரைக்கும் அழுதார். அந்தக் காரைப் பற்றி அதன் பிறகு எங்களுக்குள் பேச்சே வரவில்லை.

பொரளை மலர்ச்சாலையில் அக்காவைக் கிடத்தியிருந்தபோது இம்தியாஸும் ஃபரீதாவும் வந்தார்கள். ஃபரீதா என் பக்கத்துக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அக்காவைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

"அண்டக்கி மிஸ் வந்தது காரக் கேக்கத்தானே?"

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்களுக்குத் தெரியும். கட்டட வேல நிண்ட கத இவருக்கு முன்னமே தெரியும். 'மிஸ் ஒரு நாள் வருவாங்க, கேட்டா மறுபேச்சில்லாமக் குடுக்கோணும்' எண்டு இவர் சென்னார். நானும் சரி எண்டு சென்னேன். அண்டக்கி மிஸ்ஸக் கண்டதும் எனக்குப் பயம் வந்துச்சி. அதான் வாயெடுக்க உடாமக் கதைச்சிக்கிட்டே இருந்தேன். கேட்டுடக்கூடாது அல்லாஹ், கேட்டுடக்கூடாது எண்டு மனசு கெடந்து அடிச்சது." அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அவங்க கேக்கவே இல்ல."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். பொருளாக ஒன்றும் இல்லை, நான் எடுக்கவும் இல்லை. அன்றைக்குக் கொட்டாஞ்சேனையில் தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, நடுங்காத குரலில், கண் சரியில்லை என்று சொன்ன அந்த முகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அவர் திரும்பக் கேட்க ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்காமலே போய்விட்டார்.

கேட்டிருக்கலாம் அக்கா. அவர்கள் தந்திருப்பார்கள்.